லண்டனின் பழைய பப்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்கள் முதல் சில மாதங்களிலேயே டவர் பிரிட்ஜ், பிக் பென், பிரிட்டிஷ் மியூசியம் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். பழைய பப்கள் மட்டும் தள்ளிக்கொண்டே போகின்றன. நம் ஊர் பார் மனதில் இருப்பதால் ஒரு தயக்கம். உள்ளே போய் எங்கே உட்கார்வது, யாரிடம் கேட்பது என்று தெரியாததால் இன்னொரு தயக்கம். தனியாகப் போகும் பெண்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறை மிகக் குறைவு. அது தெரிந்துவிட்டால், முந்நூறு ஆண்டுக்கு மேல் பழைய கட்டடம் ஒன்றில், அது எந்த வேலைக்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலை இன்றும் நடந்துகொண்டிருக்க, ஒரு கோப்பை பானத்தின் செலவில் உட்கார்ந்து பார்க்கலாம். அரண்மனைகளில்கூட இது கிடைக்காது.

முதலில், எந்த ஆண்டு என்று கேளுங்கள்

லண்டனில் ‘மிகப் பழைய பப்’ என்று சொல்லிக்கொள்ளும் இடங்கள் நிறைய. கதவுக்கு மேல் ஓர் ஆண்டு எழுதியிருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பழைய பப்புக்கும் மூன்று ஆண்டுகள் உண்டு: அந்த இடத்தில் முதன்முதலில் மது விற்ற ஆண்டு, இப்போது நிற்கும் கட்டடத்தின் ஆண்டு, நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் உள்வேலைப்பாட்டின் ஆண்டு. பலகையில் எழுதுவது பெரும்பாலும் முதலாவதைத்தான். உங்கள் கண்ணுக்குத் தெரிவது மூன்றாவது.

1666-இல் மூண்ட பெருந்தீ பழைய நகரத்தின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. அதனால் நகரின் நடுப்பகுதியில் அதற்கு முந்தைய பப் கட்டடத்தைத் தேடுவதில் பெரிய பயனில்லை. அதன் பிறகு எழுந்தவையும், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்ணாடியும் ஓடுகளும் பதித்து அலங்கரித்தவையும்தான் லண்டனின் உண்மையான செல்வம். பல பப்கள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாகப் பட்டியலிடப்பட்டவை. முதல் தரம், இரண்டாம் தரத்தில் நட்சத்திரம், இரண்டாம் தரம் என்று மூன்று படிகள் உண்டு. கிளம்புமுன் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து இணையதளத்தில் பப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று அங்கே எழுதியிருப்பார்கள். ‘காம்ரா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும், 1971-இல் தொடங்கிய பீர் ஆர்வலர் இயக்கம், பழைய உள்வேலைப்பாடு சிதையாமல் இருக்கும் பப்களைத் தனிப்பட்டியலாக வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் சுற்றுலா வழிகாட்டிகளைவிட அதுதான் நம்பகமானது.

நாளும் நேரமும்

இதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பழைய நகரப் பகுதி அலுவலகப் பகுதி. சனி, ஞாயிறுகளில் அங்கே ஆள் நடமாட்டமே குறைவு, பல பப்கள் பூட்டியிருக்கும். வியாழன் மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் அலுவலகக் கூட்டம் நடைபாதை வரை நிற்கும், உள்ளே சுவரைக்கூடப் பார்க்க முடியாது. வாரநாளில் பிற்பகல் இரண்டரையிலிருந்து நாலரைக்குள் போவதுதான் நல்லது. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருக்கும், மாலைக் கூட்டம் வந்திருக்காது. கணப்பு அருகே இடம் கிடைக்கும். பார்டெண்டருக்கும் உங்களோடு இரண்டு வார்த்தை பேச நேரம் இருக்கும். விடுமுறை நாளில்தான் முடியும் என்றால் நகரப் பகுதியை விட்டுவிட்டு ஆற்றங்கரைப் பப்களுக்குப் போங்கள். அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கையில் பாஸ்போர்ட்டோ பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமமோ இருக்கட்டும். சட்டப்படி 18 வயது ஆனால் போதும், ஆனால் 25-க்குக் கீழே தெரிகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்பது வழக்கம். நம் ஆட்கள் முப்பதிலும் இளமையாகத் தெரிவார்கள், கேட்டால் வருத்தப்பட வேண்டாம். குழந்தைகளோடு போகலாமா என்பது பப்புக்குப் பப் மாறும். பகலில் சாப்பிடப் போனால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், மாலையானால் பல இடங்களில் மாட்டார்கள்.

உள்ளே போனதும்

யாரும் வந்து உட்காரவைக்க மாட்டார்கள். காலியான மேசை ஏதாவது இருந்தால், அதில் ‘ரிசர்வ்ட்’ சீட்டு இல்லையென்றால், அது உங்களுடையது. பானம் வாங்க நீங்கள்தான் கவுண்டருக்குப் போக வேண்டும். அங்கே வரிசை கிடையாது, ஆனால் யார் முதலில் வந்தார்கள் என்பது நிற்பவர்களுக்கும் தெரியும், பார்டெண்டருக்கும் தெரியும். கையை ஆட்டுவது, கூப்பிடுவது, கார்டை நீட்டுவது எதுவும் வேண்டாம். கவுண்டரில் சாய்ந்து நின்று அவர் கண்ணைப் பார்த்தால் போதும். உங்களுக்கு முன்னால் வந்தவரை விட்டுவிட்டு உங்களிடம் கேட்டால், அவரைக் காட்டிவிடுங்கள். அந்த ஒரு செயலுக்கு இங்கே பெரிய மரியாதை.

வாங்கியதும் அப்போதே பணம் கொடுத்துவிட வேண்டும். கவுண்டரில் வாங்கும் பானத்துக்கு டிப்ஸ் கிடையாது. உணவை மேசைக்குக் கொண்டுவந்து தரும் இடங்களில் மட்டும் பில்லில் சேவைக்கட்டணம் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு போனால் ‘ரவுண்டு’ முறைதான்: ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். ஒருவர் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டு உங்கள் முறை வரும்போது கிளம்புவது நல்லதல்ல. அதிகம் குடிக்க விருப்பமில்லை என்றால் முதலிலேயே, ‘நான் எனக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அளவு: ஒரு பைன்ட் 568 மில்லி, ஹாஃப் அதில் பாதி. லண்டன் நடுவில் பைன்ட் விலை பெரும்பாலும் ஆறு பவுண்டைத் தாண்டும். ஒரே நாளில் நான்கைந்து பப் பார்ப்பது திட்டமென்றால் எல்லா இடத்திலும் ஹாஃப் மட்டுமே வாங்குங்கள். சில இடங்களில் ஒன்றும் வாங்காமல் சுற்றிப் பார்க்கவும் விடுவார்கள், ஆனால் ஏதாவது வாங்குவதுதான் முறை. இந்த இடங்கள் வியாபாரத்தால்தான் பிழைத்திருக்கின்றன.

என்ன கேட்பது

பழைய பப்பில் கவுண்டரின் மேல் உயரமான மரக் கைப்பிடிகள் நிற்கும். அவைதான் கைப்பம்பு. அதிலிருந்து வருவது காஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே பக்குவமாகும் பீர். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், நொதித்தல் அங்கேயே முடிந்து, நிலவறையிலிருந்து கையால் இழுத்து ஊற்றப்படும். 11 முதல் 13 டிகிரிவரை இருக்கும். ஐஸ்போல் குளிர்ந்த லாகர் பீருக்குப் பழகிய நாக்குக்கு முதல் மடக்கில் ‘இது சூடாக இருக்கிறதே, நுரையே இல்லையே’ என்று தோன்றும். இரண்டாவது மடக்கில் மால்ட்டின் (முளைகட்டிய தானியம்) பிஸ்கட் வாசனையும் ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் கசப்பும் தனித்தனியாகத் தெரியும். கடுங்குளிரில் அவை தெரியாது, அதனால்தான் இந்த வெப்பநிலை. ஏல்களில் பிட்டர் என்ற வகையில் தொடங்குவது நல்லது. 4 சதவீதத்தை ஒட்டித்தான் ஆல்கஹால் இருக்கும். எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால், ‘கொஞ்சம் ருசி பார்க்கலாமா’ என்று கேளுங்கள், சின்ன கோப்பையில் தருவார்கள். திறந்த பீப்பாய் மூன்று நாளுக்குள் தீர்ந்தால்தான் சுவை நிற்கும் என்பதால், ஆள் வந்துபோகிற பப்பில்தான் காஸ்க் ஏல் நன்றாக இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காஸ்க் ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம், இன்றும் பல ஆலைகளில் உண்டு. கவுண்டரில் தயங்காமல் கேளுங்கள். கின்னஸ் அதை விட்டுவிட்டது. சாமுவேல் ஸ்மித் நிறுவனத்தின் பாட்டில் பீர்களில் பெரும்பாலானவை வீகன். அதேபோல் சிப்ஸை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் இடங்களும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிக்காதவர்கள் தாராளமாக வரலாம். லைம் சோடா எல்லாப் பப்பிலும் கிடைக்கும், மலிவு. ஆல்கஹால் இல்லாத பீர் இப்போது அநேகமாக எங்கும் இருக்கிறது. பல இடங்களில் தேநீர், காபியும் உண்டு. மது விற்கும் உரிமம் பெற்ற இடத்தில் கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கே சட்டம்.

முதல் நாள் நடை: ஹோபர்னிலிருந்து பரோ வரை

மொத்தம் சுமார் நான்கு கிலோமீட்டர். ஹோபர்ன் ஸ்டேஷனில் இறங்கினால் இரண்டு நிமிடத்தில் பிரின்சஸ் லூயிஸ். விக்டோரியா அரசியின் மகள் ஒருத்தியின் பெயர். கட்டடம் 1872, உள்வேலைப்பாடு 1891. நடுவில் குதிரைலாட வடிவில் கவுண்டர், அதைச் சுற்றிச் செதுக்கிய மரத்தாலும் பூவேலை செய்த கண்ணாடியாலும் தடுத்த சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு கதவு. அந்தக் காலத்தில் கூலித் தொழிலாளியும் குமாஸ்தாவும் முதலாளியும் ஒரே கூரையின்கீழ் குடித்தாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக் கூடாது, அதற்குத்தான் இத்தனை அறைகள். வகுப்புப் பிரிவினை மரவேலையாகவே மாறி நிற்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். 20-ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட தடுப்புகளைப் பெரும்பாலான பப்களில் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இங்கேயும் போயிருந்தன, 2007-08-இல் நடந்த சீரமைப்பில் திரும்ப வைத்தார்கள். அதற்காகவே இந்த இடத்தின் மேல் எனக்குத் தனி மதிப்பு. ஓடுகள், கூரையின் வேலைப்பாடு, மாடிப்படி எதையும் விடாதீர்கள். ஆண்கள் கழிப்பறையின் பளிங்குச் சிறுநீர்க்கோப்பைகள்கூடப் புகழ்பெற்றவை. தடுப்புகளின் இன்னொரு வகையைப் பார்க்க ஆசையிருந்தால், பத்து நிமிட நடையில் லாம்ப்ஸ் கான்டியூட் தெருவில் தி லாம்ப் இருக்கிறது. கவுண்டரின் மேல் முகம் உயரத்தில் சுழலும் சிறு கண்ணாடிக் கதவுகள் அங்கே அப்படியே உள்ளன. ஊற்றித் தருபவர் கண்ணில் படாமல் குடிக்க விரும்பிய கனவான்களுக்காக வைத்தவை.

ஹை ஹோபர்ன் சாலையிலேயே கிழக்கே நடந்தால் சிட்டி ஆஃப் யார்க். இடைக்கால மண்டபம்போல் இருக்கும் அதன் பின்கூடம் உண்மையில் 1920-களில் கட்டியது. நான் சொன்ன மூன்று ஆண்டுக் கணக்குக்கு நல்ல பயிற்சி. எட்டிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது யி ஓல்ட் மைட்டர். இதைக் கண்டுபிடிப்பதே வேலை. நகைக்கடைகள் நிறைந்த ஹாட்டன் கார்டன் தெருவில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஓராள் போகிற சந்து, மேலே ஒரு விளக்கு. அதற்குள் நுழைந்தால் பப். ஈலி ஆயரின் மாளிகைப் பணியாளர்களுக்காக 1546-இல் தொடங்கியது, இப்போதைய கட்டடம் 1772, உள்ளே இருக்கும் மரச்சுவர்கள் 20-ஆம் நூற்றாண்டு. முன்னறை மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு செர்ரி மரத்தின் அடிமரம் தெரியும். அதைச் சுற்றி முதலாம் எலிசபெத் அரசி நடனமாடினார் என்பது கதை. கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள், மரம் உண்மை. மிகச் சின்ன இடம், இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது. சனி, ஞாயிறில் பெரும்பாலும் திறப்பதில்லை.

அங்கிருந்து தெற்கே பத்து நிமிடம் இறங்கினால் ஃப்ளீட் தெரு. யி ஓல்ட் செஷயர் சீஸ். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு சந்தும் ஒரு பெயர்ப்பலகையும்தான். சந்துக்குள் வாசல் அருகே, இந்தப் பப் எந்தெந்த மன்னர் ஆட்சிகளைக் கடந்து வந்திருக்கிறது என்ற பட்டியல் தொங்குகிறது. பெருந்தீக்கு அடுத்த ஆண்டு, 1667-இல் திரும்பக் கட்டியது. உள்ளே பகலிலும் வெளிச்சம் குறைவு. கண் பழகும்வரை வாசலில் நின்றுவிட்டு நுழையுங்கள். வலப்பக்கத்துச் சின்ன பாரின் வாசலில் ‘இந்த பாரில் ஆண்களுக்கு மட்டும்’ என்ற பழைய பலகை இன்னும் இருக்கிறது. இன்று அது வெறும் காட்சிப்பொருள், பெண்கள் தயங்காமல் உள்ளே போகலாம். நிலக்கரிக் கணப்பும், தேய்ந்த பலகைத் தரையும், எதிர்ப்புறச் சாப்பாட்டறையின் உயர்ந்த சாய்வுள்ள பெஞ்சுகளும் பார்க்க வேண்டியவை. அப்புறம் கீழே இறங்குங்கள். படிகள் குறுகலானவை, செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். வளைவுக் கூரை போட்ட நிலவறைகள் 13-ஆம் நூற்றாண்டுக் கார்மலைட் மடத்தின் மிச்சம் என்று கருதப்படுகிறது.

ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் இங்கே வழக்கமாக உட்காரும் இடம் என்று ஒரு நாற்காலியைக் காட்டுவார்கள். அவர் இங்கே வந்ததற்கு அவர் காலத்துப் பதிவு எதுவும் இல்லை. ஆனால் அவர் வீடு பின்பக்கம் கஃப் சதுக்கத்தில், மூன்று நிமிட நடையில், இன்றும் இருக்கிறது. 1755-இல் வெளிவந்த அகராதி அந்த வீட்டு மாடியில்தான் உருவானது. அது இப்போது அருங்காட்சியகம், இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஒரு முக்கியக் குறிப்பு: பிரின்சஸ் லூயிஸும், சிட்டி ஆஃப் யார்க்கும், செஷயர் சீஸும் யார்க்‌ஷயரின் சாமுவேல் ஸ்மித் ஆலைக்குச் சொந்தம். அவர்கள் பப்களில் பாட்டு கிடையாது, டிவி கிடையாது, போன் பயன்படுத்தவும் தடை. படம் எடுக்க வேண்டுமென்றால் வெளியே எடுத்துக்கொண்டு, போனைப் பையில் போட்டுவிட்டு நுழையுங்கள்.

பிளாக்ஃபிரையர்ஸ் ஸ்டேஷனுக்கு எதிரே முக்கோணமாக ஒரு கட்டடம், முகப்பில் கொழுத்த துறவி ஒருவர் சிலை. அதுதான் பிளாக் ஃபிரையர். டொமினிக்கன் துறவிகளின் மடம் இருந்த இடம். 1905-இல் கட்டடக் கலைஞர் ஃபுல்லர் கிளார்க்கும் சிற்பி ஹென்றி பூலும் சேர்ந்து உள்ளே பளிங்கும் வெண்கலமும் மொசைக்குமாக இழைத்தார்கள். துறவிகள் மீன் பிடிப்பதும் பாடுவதும் பழம் பறிப்பதுமாகச் சுவரெல்லாம் புடைப்புச் சிற்பங்கள். பின்னால் இருக்கும் குகைபோன்ற சிற்றறைக்குக் கட்டாயம் போங்கள். ‘அவசரம் தாமதம்’, ‘உழைப்பே எல்லாம்’ என்ற வாசகங்கள் பொறித்திருக்கும். 1960-களில் இதை இடிக்கப் பார்த்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் முன்னின்று குரல் கொடுத்துக் காப்பாற்றினார். அப்படி யாரும் குரல் கொடுக்காமல் போன எத்தனையோ பப்கள் இன்று அலுவலகக் கட்டடங்களாக நிற்கின்றன.

பாலம் கடந்து தென்கரையோடு நடந்து பரோ ஹை தெருவுக்கு வாருங்கள். பெரிய வாயில் ஒன்றைத் தாண்டினால் கல் பாவிய முற்றம், அதன் ஒரு பக்கம் முழுக்க மரத்தாழ்வாரங்கள் அடுக்கடுக்காக. இதுதான் தி ஜார்ஜ். 1676-இல் சதக் பகுதியில் நடந்த தீக்குப் பிறகு, 1677-இல் கட்டியது. லண்டனில் மிஞ்சியிருக்கும் ஒரே தாழ்வார வண்டிச் சத்திரம். குதிரை வண்டிகள் முற்றத்தில் நிற்கும், பயணிகள் மேலே தங்குவார்கள். முன்பு இப்படி மூன்று பக்கமும் இருந்தது, ரயில் நிறுவனம் தன் சரக்கு வேலைக்காக இரண்டு பக்கத்தை இடித்துவிட்டது. மிஞ்சியது 1937 முதல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம். முதல் தரப் பாதுகாப்பு பெற்றது. ஷேக்ஸ்பியர் இங்கே குடித்தார் என்று யாராவது சொன்னால், அவர் இறந்தது 1616 என்பதை நினைவில் வையுங்கள், அவர் பார்த்திருந்தால் எரிந்துபோன பழைய சத்திரத்தைத்தான் பார்த்திருப்பார். கீழே இருக்கும் பழைய சிற்றறைகள் மதியத்தில் காலியாகவே இருக்கும். மாலையில் முற்றம் முழுக்க ஆட்கள்.

இரண்டாம் நாள்: ஆற்றங்கரை

இதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். வாப்பிங் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பி. பலகையில் 1520 என்றிருக்கும், கட்டடத்தின் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டு. ஆனால் கல்தரை பழையது, ஈயக்கலவைத் தகடு போர்த்திய கவுண்டரும் அருமை. பக்கத்தில் ஆற்றுக்கு இறங்கும் பெலிகன் படிகள் உண்டு. நீர்வற்றம் எப்போது என்று முன்னாலேயே பார்த்துக்கொண்டு போனால் மணலில் இறங்கி நின்று பப்பை ஆற்றுப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். படிகள் வழுக்கும், நீர் வேகமாக ஏறும். கரையில் கிடக்கும் பழைய ஓட்டுத்துண்டு எதையும் எடுக்காதீர்கள், அதற்குத் துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஸ்டேஷனுக்கு அருகே வாப்பிங் ஹை தெருவில் இருக்கும் கேப்டன் கிட் என்ற பப் இன்னும் பழையதாகத் தெரியும். கட்டடம் பழையதுதான், பப் ஆனது 1980-களில்.

இந்தக் கரைக்கும் நம் பக்கத்துக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. இங்கிருந்து சற்றுக் கிழக்கே பிளாக்வாலில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்றன. பக்கத்தில் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் மதுஆலை, கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணையில் பீர் கொடுத்தது. அவர்கள் அதை ஏற்றிக்கொண்டு வந்து கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் இருந்த கம்பெனிக்காரர்களிடம் விற்றார்கள். ஹாப்ஸ் கூடுதலாகப் போட்ட வெளிர்நிற ஏல் அந்த நீண்ட பயணத்தைத் தாங்கியது. இன்று கவுண்டரில் ‘ஐபிஏ’ என்று கேட்கிறார்களே, அது ‘இந்தியா பேல் ஏல்’ என்பதன் சுருக்கம், அந்த ‘ஐ’ இந்தியா. இங்கே உட்கார்ந்து குடிப்பதென்றால் அதையே கேளுங்கள்.

பிறகு வாப்பிங் ஸ்டேஷனுக்குத் திரும்பி, ஒரே ஒரு நிறுத்தம், ராதர்ஹைத். அந்த ரயில் போவது மார்க் புரூனெல் கட்டிய தேம்ஸ் சுரங்கம் வழியாக. 1843-இல் நடந்துபோகிறவர்களுக்காகத் திறந்தது. கப்பல் போகும் ஆற்றுக்கு அடியில் உலகில் முதலில் தோண்டிய சுரங்கம் அதுதான். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே தி மேஃப்ளவர். 1620-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்ற கப்பல் புறப்பட்டது இந்தக் கரையிலிருந்து. கப்பல் தலைவர் கிறிஸ்டோபர் ஜோன்ஸின் உடல் எதிரே உள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பப்புக்கு இந்தப் பெயர் வைத்தது 1957-இல்தான். பின்பக்கம் ஆற்றின் மேல் நீட்டிய மரத்தளம் இருக்கிறது, வெயில் நாளில் அங்கே இடம் பிடிக்கப் போட்டி. ஞாயிறு மதிய ரோஸ்ட் சாப்பாடு (அடுப்பில் சுட்ட இறைச்சியும் காய்கறியும்) வேண்டுமென்றால் சில நாள் முன்பே மேசை பதிவு செய்துவிடுங்கள். சைவ ரோஸ்ட் பல பப்களில் உண்டு, பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

மாலைவரை இருந்தீர்கள் என்றால் கவுண்டரில் மணி அடிப்பார்கள். அது கடைசி ஆர்டருக்கான மணி. அதற்குப் பிறகு வாங்க முடியாது, கையில் இருப்பதை முடிக்கக் கொஞ்ச நேரம் தருவார்கள். கிளம்பும்போது காலிக் கோப்பையைக் கவுண்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒரு நன்றி சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ராதர்ஹைத் பாதையில் பராமரிப்பு வேலை வந்தால் ரயில் நிற்கும். அப்படியானால் பத்து நிமிட நடையில் கனடா வாட்டர் ஸ்டேஷன், அங்கிருந்து ஜூபிலி லைன்.